முதல் சிமிட்டல் மட்டும் ஏன் நீளம்? 555 டைமரோடு நம் அனுபவங்கள்

எல்.இ.டி. கண்சிமிட்டும் சர்க்யூட்தான், நேரம் கணக்கிட்டு மின்சாரத்தை மாற்றிவிடும் 555 ஐ.சி.யில் நான் முதலில் செய்தது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி. கணக்குப்படி 0.54 விநாடி எரிந்து 0.47 விநாடி அணைந்திருக்க வேண்டும். ஏறக்குறைய அப்படியே வந்தது. ஆனால் பேட்டரியை மாட்டியதும் வரும் முதல் சிமிட்டல் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. எத்தனை முறை மாட்டினாலும் அதேதான்.

ஐ.சி. கெட்டுவிட்டதோ என்று வேறொன்றைப் போட்டேன். மாற்றமில்லை. அப்புறம், சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் ஒரு கம்பியால் சட்டென்று தொட்டு எடுத்தேன். அடுத்த சிமிட்டல் நீளமாக வந்தது! அந்த ஒரு நொடியில்தான் எனக்கு 555 புரிந்தது என்று சொல்வேன்.

ஐ.சி.க்குள் நேரம் என்று எதுவும் இல்லை. உள்ளே 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மூன்று வரிசையாக நின்று, சப்ளையை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. 9 வோல்ட் என்றால் 3 வோல்ட்டில் ஒரு கோடு, 6 வோல்ட்டில் ஒரு கோடு. கப்பாசிட்டர் இரண்டு ரெசிஸ்டர்கள் வழியாக நிரம்பி 6 வோல்ட்டைத் தொட்டதும், 7ஆம் காலில் உள்ள ட்ரான்சிஸ்டர் குழாய்போலத் திறந்துவிடுகிறது. சேர்ந்த மின்னூட்டம் 68 கிலோ ஓம் வழியாக வடிகிறது. 3 வோல்ட்டுக்கு இறங்கியதும் ட்ரான்சிஸ்டர் மூடிக்கொள்ள, மறுபடி நிரம்பத் தொடங்குகிறது. நிரம்பும்போது எல்.இ.டி. எரியும், வடியும்போது அணைந்திருக்கும். வழக்கமான சிமிட்டலில் 3லிருந்து 6 வரை ஏறினால் போதும். முதல் தடவை மட்டும் காலிக் கப்பாசிட்டர் பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும், அதற்கு 0.86 விநாடி ஆகிறது. பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினாலும் வேகம் மாறாததற்கும் இந்தக் கோடுகள்தான் காரணம். சப்ளை குறைந்தால் கோடுகளும் அதே விகிதத்தில் இறங்கிவிடுகின்றன.

1971இல் ஹான்ஸ் காமென்சிண்ட் இதை வடிவமைத்தபோது, கப்பாசிட்டரை நிரப்ப முதலில் மாறா மின்னோட்ட மூலம் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு 9 கால்கள் தேவைப்பட்டன. அதை விட்டுவிட்டு வெறும் ரெசிஸ்டர் போதும் என்று முடிவெடுத்ததால் 8 கால்களில் அடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

நடந்தது அண்ணா, உங்களுடைய அதே மதிப்புகளில்தான். கப்பாசிட்டரில் வோல்ட் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு பழைய முள் மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்து இணைத்தேன். எல்.இ.டி. எரிந்தபடியே நின்றுவிட்டது. முள்ளும் 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நின்றது. மீட்டரை எடுத்ததும் மறுபடி சிமிட்டத் தொடங்கியது.

மீட்டரின் முகப்பிலேயே விடை இருந்தது: வோல்ட்டுக்கு 2000 ஓம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். 10 வோல்ட் ரேஞ்சில் அது வெறும் 20 கிலோ ஓம். 78 கிலோ ஓம் வழியாக வருவதை இந்த 20 கிலோ ஓம் வடித்துக்கொண்டே இருந்தால் கப்பாசிட்டர் 6 வோல்ட்டை எங்கே தொடுவது? டிஜிட்டல் மீட்டரில் இந்தத் தொல்லை இல்லை. எண்கள் 3க்கும் 6க்கும் நடுவே ஏறி இறங்குவதை அதில் நிம்மதியாகப் பார்த்தேன்.

* * *

தம்பி சொன்ன அதே கசிவு எனக்கு மீட்டர் இல்லாமலே வந்தது. விளக்கு சுமார் 18 நிமிடத்தில் தானாக அணைய வேண்டும் என்று 555 ஐ.சி.யோடு 1 மெகா ஓமும் 1000 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரும் போட்டேன். 1.1 × 1 மெகா ஓம் × 1000 மைக்ரோ ஃபாரட், ஆக 1100 விநாடி. காகிதத்தில் சரி. ஒரு மணி நேரம் கழித்தும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

9 வோல்ட் சப்ளையில் கப்பாசிட்டர் 6 வோல்ட்டை நெருங்கும்போது 1 மெகா ஓமில் மிஞ்சுவது 3 வோல்ட். அப்படியென்றால் உள்ளே வருவது 3 மைக்ரோ ஆம்பியர். பெரிய எலக்ட்ரோலிடிக் தனக்குள்ளேயே அந்த அளவு கசியவிடும். வருவதும் போவதும் சமமாகிவிட்டால் ஏற்றம் அங்கேயே நின்றுவிடும்.

கடைசியில் சிடி4060 என்ற, சுற்றுகளை எண்ணும் ஐ.சி.க்கு மாறினேன். அதில் 0.1 மைக்ரோ ஃபாரட் பாலியஸ்டர் கப்பாசிட்டரை விநாடிக்கு ஏழெட்டுத் தடவை நிரப்பி வடிக்கவிட்டு, உள்ளே இருக்கும் 14 படி கவுன்டரை எண்ணவிட்டேன். கடைசிப் படியின் கால் 8192 சுற்று முடிந்ததும் மேலே போகும். அந்தச் சிக்னலில் விளக்கை அணைத்தேன். நீண்ட நேரத்துக்குப் பெரிய கப்பாசிட்டரை நான் அப்புறம் தேடவே இல்லை.

* * *

உங்கள் இரண்டு பதில்களையும் படித்துவிட்டு, அந்த முதல் சர்க்யூட் இருந்த என் பழைய பிரெட்போர்டை இன்று எடுத்தேன். கப்பாசிட்டருக்குக் குறுக்கே 20 கிலோ ஓம் வைத்தேன். தம்பி சொன்னபடி எல்.இ.டி. எரிந்தபடியே நின்றது. 1 மெகா ஓமுக்கு வித்தியாசமே கண்ணுக்குத் தெரியவில்லை. 220 கிலோ ஓம் வைத்தபோது எரியும் நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி ஒரு விநாடியைத் தொட்டது, அணைந்திருக்கும் நேரமோ முன்பைவிடக் குறைந்தது. நிரம்பும்போது தடுக்கும் அதே கசிவு, வடியும்போது கூடவே சேர்ந்து வடிக்கிறது.