புதுப்பிப்பு: வேலூரில் போர்ட்ரெய்ட் எடுத்தாச்சு

திருநங்கை, திருநம்பித் தோழர்களைப் படமெடுக்க ஒரு ஸ்டுடியோ கடைசி நேரத்தில் மறுத்துவிட்டது, வேறு இடம் உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் கோட்டையைச் சொன்னீர்கள். அங்கே ட்ரைபாட் வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும், அலையவில்லை.

சரி என்று சத்துவாச்சாரியில் ஓர் அக்கா வீட்டு மாடியிலேயே எடுத்துவிட்டோம். துணிக்கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டியதும் வேலூர் வெயிலே சாதுவாகிவிட்டது. 50 எம்எம் லென்ஸ் போதுமானதாக இருந்தது. அக்கா கேமராவைப் பார்க்காமல் மல்லிகைச் சரத்தையே சரிசெய்துகொண்டிருந்தார். எனக்கு அந்தப் படம்தான் பிடித்தது. அவருக்கோ, கால்மேல் கால் போட்டு முறைக்கிற படம்!

ஏப்ரல் 15, திருநங்கையர் தினத்துக்குள் பிரிண்ட் போட வேண்டும். 2014இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அதே தேதிதான். இரண்டு பேர் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள். அவர்கள் படங்கள் அவர்களிடமே இருக்கும்.