பழையபேட்டை சொந்தங்கள்: மியூசியம் மனு

ராமலிங்கம் (ஞாயிறு, காலை 6.12)
எல்லோருக்கும் வணக்கம். நாளை திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். கலெக்டரிடம் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள். நிறையக் கையெழுத்து வேண்டும்.

"பொருள்: கிருஷ்ணகிரி நகருக்குப் புதிய அருங்காட்சியகக் கட்டடம் வேண்டுதல். ஐயா, நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. மல்லச்சந்திரத்தில் பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகள், ஊருக்கு ஊர் நடுகற்கள், பாறை ஓவியங்கள் என இம்மாவட்டத்தின் செல்வம் அளவற்றது. இப்பெருமைக்கு ஏற்ப, கீழடியை விஞ்சும் பிரம்மாண்டமான கட்டடம் ஒன்றை, சையத் பாஷா மலை அடிவாரத்தில், அரசு செலவில் கட்டித் தருமாறு வேண்டுகிறோம்."

சுதா (6.31)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா (6.32)
மன்னிக்கவும் மாமா, காலை வணக்கம் படம் இங்கே வந்துவிட்டது. மனு நன்றாக இருக்கிறது 🙏

கோவிந்தன் (6.50)
மச்சான், போன பருவத்தில் பெங்களூரா மாங்காய்க்குப் பறிக்கிற கூலிகூடத் தேறவில்லை. எத்தனை பேர் மரத்திலேயே விட்டுவிட்டார்கள். அரசாங்கத்திடம் பணம் கேட்பதென்றால் அதற்குக் கேளுங்கள். பழைய கல்லுக்கு மாளிகை எதற்கு?

கோவிந்தன் (6.51)
இல்லை, கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மாம்பழ வடிவத்தில் கட்டச் சொல்லுங்கள். பெங்களூர் ரோட்டில் போகிறவன் எல்லாம் வண்டியை நிறுத்திப் பார்ப்பான்.

கார்த்தி (7.05)
அப்பா, வளைந்த கூரைக்கு சென்ட்ரிங் அடிக்கவே பாதி எஸ்டிமேட் போய்விடும். அப்புறம் உள்ளே வைக்கக் காசு இருக்காது. மாம்பழத்துக்குள் மாம்பழம்தான் வைக்க வேண்டும் 😂

ராமலிங்கம் (7.09)
கார்த்தி, கேலி வேண்டாம். நீ இன்ஜினியர். கட்டடத்தைப் பற்றி உருப்படியாகச் சொல்.

இனியன் (7.20)
பெரியப்பா, அதற்கு முன்னால் இடம். சையத் பாஷா மலைமேல் இருக்கிற கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்த எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது. அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட, தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். 2010-இல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது.

ராமலிங்கம் (7.22)
அரசாங்கமே கட்டினாலுமா?

இனியன் (7.23)
அரசாங்கமே கட்டினாலும்தான். மனுவில் அடிவாரம் என்று இருந்தால் இந்த ஒரு வரியைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மங்கை (7.30)
அண்ணா, இடத்தைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கேளுங்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். இறங்கினால் நடந்து போய்விட வேண்டும். ஊருக்கு வெளியே ஹைவே ஓரத்தில் கட்டினால் கார் வைத்திருக்கிறவர்கள்தான் பார்ப்பார்கள். திருநெல்வேலி பொருநை மியூசியத்தைக்கூட ஊருக்கு வெளியே ரெட்டியார்பட்டியில்தானே கட்டினார்கள்.

கார்த்தி (7.34)
அம்மா சொல்வது சரி. ஆனால் ஊருக்கு வெளியே என்றால் நிலம் சும்மா கிடைக்கும், ஏக்கர் கணக்கில் கிடைக்கும். டவுனுக்குள் என்றால் மாடி மேல் மாடி போக வேண்டும். ஸ்கூல் பஸ் திரும்ப இடம் வேண்டும்.

நிலா (7.41)
பெரியப்பா, வணக்கம். இங்கே இன்னும் சனிக்கிழமை ராத்திரி. டென்வரில் நாங்கள் இருப்பது டவுன்டவுனுக்குப் பக்கம். இங்கே கலை அருங்காட்சியகத்தின் ஹாமில்டன் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் "பிரம்மாண்டம்" ஞாபகத்துக்கு வரும். டேனியல் லிபஸ்கிண்ட் வரைந்தது, 2006-இல் திறந்தது. வெளியே முழுக்க டைட்டானியம் தகடு. உள்ளே நேராக நிற்கிற சுவரைத் தேட வேண்டும், எல்லாம் சாய்வு.

ராமலிங்கம் (7.43)
பார்த்தாயா, அப்படித்தான் உலகமே திரும்பிப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

நிலா (7.48)
திரும்பிப் பார்த்தார்கள், உண்மைதான். ஆனால் திறந்து கொஞ்ச காலத்திலேயே கூரை ஒழுக ஆரம்பித்தது. அத்தனை முனை, அத்தனை மூட்டு. பனி விழுந்து தேங்கி உருகினால் எங்கே போகும்? சாய்ந்த சுவரில் ஓவியம் மாட்டுவதும் பெரிய வேலை. சில இடங்களில் சுவருக்கு முன்னால் தனியாக நேர்ச்சுவர் எழுப்பி மாட்ட வேண்டியிருக்கும்.

கார்த்தி (7.50)
யார் காசு?

நிலா (7.56)
அதைத்தான் சொல்ல வந்தேன். கட்டுவதற்கு முன்பே, 1999-இல், ஊர் மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். 6 கோடியே 25 லட்சம் டாலருக்கு நகர நிர்வாகம் கடன் பத்திரம் வெளியிடலாமா, வேண்டாமா என்று. அதாவது, உங்கள் வரியிலிருந்து வட்டியோடு அடைப்போம், சம்மதமா என்று கேட்டார்கள். மக்கள் சரி என்றார்கள். மீதி நன்கொடை.

கோவிந்தன் (7.59)
நம் ஊரிலும் ஓட்டுக்கு விட்டால் தெரியும், எத்தனை பேர் மாங்காய், எத்தனை பேர் மியூசியம் என்று.

நிலா (8.04)
மாமா, எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. 1988-இல் இதே ஓட்டெடுப்பு முறையில் டென்வரும் சுற்று வட்டாரமும் சேர்ந்து ஒரு சின்ன விற்பனை வரிக்கு ஒத்துக்கொண்டன. பத்து டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட். அந்தப் பணம் அருங்காட்சியகம், மிருகக்காட்சி சாலை, தாவரவியல் பூங்கா, நாடகக் குழுக்கள் என்று வருஷா வருஷம் போகிறது. அன்றாடச் செலவுக்கும் அது கைகொடுக்கிறது. காலம் முடியும்போதெல்லாம் திரும்ப ஓட்டுக்கு விடுகிறார்கள், ஜெயிக்கிறது.

கார்த்தி (8.10)
இதுதான் விஷயம். கட்டடத்துக்குப் பணம் ஒரு தடவை வந்துவிடும் மாமா. அடிக்கல், ரிப்பன், கல்வெட்டில் பெயர், எல்லாம் இருக்கிறது. ராத்திரி வாட்ச்மேன் சம்பளத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்? லிஃப்ட் பராமரிப்பு, கரண்ட் பில், ஒழுகுகிற இடத்தில் பூச்சு... நான் பார்த்த அரசுக் கட்டட எஸ்டிமேட் எதிலும் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

ராமலிங்கம் (8.13)
சரி, கீழடி எவ்வளவு?

கார்த்தி (8.19)
2023 மார்ச்சில் திறந்தார்கள். சுமார் 31 ஆயிரம் சதுர அடி, 18 கோடிக்குக் கொஞ்சம் மேலே. சதுர அடிக்கு ஆறாயிரம் ரூபாய்க்குப் பக்கம். நம் எம்எல்ஏ தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி. ஒரு வருஷ நிதியை முழுசாகக் கொடுத்தாலும் இன்றைய விலையில் ஐயாயிரம் சதுர அடி வருவதே கஷ்டம். கொடுக்கவும் மாட்டார்கள், ரோடும் ஸ்கூலும் இருக்கிறது.

இனியன் (8.22)
ஓசூர் கம்பெனிகளைக் கேட்கலாம். கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் வருகிறவர்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். பாரம்பரியப் பாதுகாப்பும் கலையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

சுதா (8.24)
நமக்கு நாமே திட்டத்தில் கேட்டால்?

இனியன் (8.25)
அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட வேண்டும் அம்மா.

கோவிந்தன் (8.26)
நான் குழுவை விட்டு வெளியேறுகிறேன் 😂

மங்கை (8.40)
எல்லோரும் கட்டடத்தையே பேசுகிறீர்கள். உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் அண்ணா?

ராமலிங்கம் (8.44)
என்ன மங்கை இப்படிக் கேட்கிறாய்? நடுகற்கள்தான். தமிழ்நாட்டில் நடுகல் என்றாலே தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம்தான். பல்லவர் காலத்து வட்டெழுத்து இருக்கிற கற்கள் எத்தனை! மாடு மீட்டுச் செத்தவன், புலி குத்திச் செத்தவன். எடுத்தனூரில் கள்ளனைக் கடித்து எசமானோடு நின்ற நாய்க்குக்கூடப் பெயர் வெட்டியிருக்கிறார்கள், கோவிவன் என்று. இதெல்லாம் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. கொண்டுவந்து ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டாமா?

மங்கை (8.52)
எங்கள் ஊர் ஏரிக்கரையில் நிற்பதும் நடுகல்தான். நாங்கள் வேடியப்பன் என்கிறோம். பொங்கல் வைக்கிறோம், சேவல் அறுக்கிறோம். கார்த்திக்கு அங்கேதான் முதல் மொட்டை. அதைத் தூக்கிக்கொண்டு போக லாரி வந்தால் ஊரே ஏரிக்கரைக்கு வந்துவிடும், நானும்தான் வருவேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சாமிக்கு யார் எண்ணெய் ஊற்றுவது?

கோவிந்தன் (8.53)
இது பேச்சு.

ராமலிங்கம் (9.02)
மங்கை, அறிவோடு கேட்கிறாய். எழுதும்போது இதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் எண்ணெய் ஊற்றி ஊற்றி எழுத்தே தெரியாமல் போகிறதே! மஞ்சள் பூசி, பெயின்ட் அடித்து... அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உன் பேரன் எப்படிப் படிப்பான்?

மங்கை (9.06)
படிக்கட்டும், வந்து படிக்கட்டும். நாங்கள் வேண்டாம் என்றோமா? அதியமானுக்கு நட்ட கல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் படைத்ததை ஔவையார் பாடியிருக்கிறார் என்று நீங்கள்தானே சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தீர்கள். அன்றைக்கே அது வழிபடுகிற கல் அண்ணா. காட்சிப்பொருள் இல்லை.

இனியன் (9.08)
அத்தை 👏

நிலா (9.12)
அத்தை, கல்லைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. மைப்படி எடுக்கலாமே. கல்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, அடித்து, மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து கண்ணால் பார்ப்பதைவிடத் தெளிவாக வரும். அதை மியூசியத்தில் மாட்டி, பக்கத்தில் "இந்தக் கல் இந்த ஊரில், இன்றும் வேடியப்பனாக இருக்கிறது" என்று எழுதி, பஸ் நம்பரையும் போட்டுவிடலாம். பார்க்கிறவன் ஊருக்கு வருவான்.

கோவிந்தன் (9.14)
வந்தால் இளநீர் விற்கும்.

ராமலிங்கம் (9.20)
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் கல்லுக்கும் ஊர் இல்லை மங்கை. ரோடு அகலப்படுத்தும்போது புரட்டிப் போட்டவை, துணி துவைக்கிற கல்லாகக் கிடப்பவை, பாதி உடைந்தவை. கும்பிட ஆள் இல்லாத அவற்றுக்கு ஒரு கூரை வேண்டும்.

மங்கை (9.22)
அவற்றைக் கொண்டுபோங்கள். சந்தோஷமாக அனுப்புவோம்.

கார்த்தி (9.35)
அப்படியென்றால் டிசைனே மாறுகிறது. கேளுங்கள் மாமா. ஒரு நடுகல் ஒரு டன் வரைகூட இருக்கும், பெரிசு அதற்கும் மேலே. மாடியில் வைக்க முடியாது. தரைத்தளம் முழுக்கக் கற்களுக்கு, லாரி பின்பக்கமாக வந்து நிற்க ஒரு மேடை, செயின் பிளாக் தொங்கவிட மேலே ஒரு இரும்பு பீம், அகலமான கதவு. கல்லுக்கு ஏசி தேவையில்லை. ஓடு வேய்ந்த நடை, நடுவில் முற்றம், அதுவே போதும். கீழடியில் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியது அழகு மட்டும் இல்லை, காற்று வருகிறது. நமக்குச் செட்டிநாடு வேண்டாம், பர்கூர் கருங்கல் இருக்கிறது. உலகத்துக்கே கிரானைட் அனுப்புகிற மாவட்டத்தில் போய் முகப்புக்கு அலுமினியத் தகடும் கண்ணாடியும் ஒட்டுகிறார்கள். மேற்கு வெயிலுக்குக் கண்ணாடி வைத்தால் உள்ளே இட்லி வேகும்.

கார்த்தி (9.41)
இரும்புக்குத்தான் தனி அறை. மயிலாடும்பாறைப் பொருள்கள் ஒரு நாள் இங்கே வந்தால், அந்த அறை எப்போதும் ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து வந்த இரும்பில் உப்பு ஏறியிருக்கும், ஈரக்காற்று பட்டால் உள்ளிருந்தே உதிரும். சின்ன அறைதான். ஆனால் 24 மணி நேரமும் மெஷின் ஓட வேண்டும், ஜெனரேட்டரோடு. 4,200 வருஷம் தாங்கியதை ஒரு மழைக்கால மின்வெட்டில் விட்டுவிடக் கூடாது. மைப்படிகளும் மாடியில் இருட்டான அறையில்தான். வெளிச்சம் பட்டால் காகிதம் போச்சு.

சுதா (9.43)
டாய்லெட்?

கார்த்தி (9.44)
அத்தை, நுழைந்தவுடன் இருக்கும்படி போடலாம். அத்தனை பேரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இனியன் (9.50)
இன்னொன்று பெரியப்பா. காந்தி ரோட்டில் 1993-இலிருந்து அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மனுவில் அதைச் சொல்லாமல் "புதிய அருங்காட்சியகம்" என்று கேட்டால், ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு வரியில் பதில் வரும். இருக்கிற அருங்காட்சியகத்துக்கு ஏற்ற கட்டடம் என்று கேளுங்கள். காப்பாட்சியர் பதவி, ஊழியர்கள் எல்லாம் அதன் பெயரில் ஏற்கெனவே இருக்கும்.

ராமலிங்கம் (9.52)
வக்கீல் படிப்பு வீண் போகவில்லை.

கோவிந்தன் (10.05)
ஸ்பெயினில் பில்பாவோ என்று ஓர் ஊராம், மியூசியம் கட்டியே பணக்கார ஊராகிவிட்டதாம். இப்போதுதான் ஒரு ஃபார்வர்டு வந்தது. அப்படி நடந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நிலா (10.11)
மாமா, 1997-இல் அங்கே குகன்ஹைம் மியூசியம் வந்தது நிஜம், கூட்டம் வந்ததும் நிஜம். ஆனால் அதே காலத்தில் மெட்ரோ ரயில் விட்டார்கள், நாறிக்கிடந்த ஆற்றைச் சுத்தம் செய்தார்கள், புது விமான நிலையம் கட்டினார்கள். ஃபார்வர்டில் அதெல்லாம் வராது.

கோவிந்தன் (10.12)
அப்போது முதலில் ரோடு.

ராமலிங்கம் (11.30)
மாற்றி எழுதிவிட்டேன். பாருங்கள்.

"காந்தி சாலையில் 1993 முதல் இயங்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு, பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கோட்டையின் தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே, கட்டடம் வேண்டுகிறோம். வழிபாட்டில் உள்ள நடுகற்களை அந்தந்த ஊரிலேயே விட்டு, அவற்றின் மைப்படிகளை மட்டும் காட்சிப்படுத்தவும், கைவிடப்பட்ட கற்களுக்குத் தரைத்தளத்தில் இடம் தரவும், இரும்புப் பொருள்களுக்கு ஈரம் புகாத அறை அமைக்கவும் வேண்டுகிறோம். முகப்பு எளிமையாக, உள்ளூர்க் கல்லால் இருந்தால் போதும். கட்டுமான மதிப்பீட்டோடு பத்து ஆண்டுகளுக்கான பராமரிப்பு, காவல், மின்சாரச் செலவையும் சேர்த்தே நிர்வாக அனுமதி வழங்க வேண்டும். கட்டுமானத்துக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறலாம். அன்றாடச் செலவு அரசின் பொறுப்பாக இருக்க வேண்டும்."

கார்த்தி (11.36)
"கீழடியை விஞ்சும்" போய்விட்டதே மாமா, மனசு வந்ததா?

ராமலிங்கம் (11.37)
வரவில்லை. இருந்தாலும் எடுத்துவிட்டேன்.

மங்கை (11.40)
நான் கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் தெருவில் இன்னும் பத்துப் பேர் போடுவார்கள், வேடியப்பன் வரியைப் படித்துக் காட்டினால்.

கோவிந்தன் (11.48)
மச்சான், கடைசியில் ஒரு வரி சேர்த்தால் நானும் போடுகிறேன். இந்த மாவட்டத்து மாங்கன்று ஒட்டுக்கட்டுகிற வேலைக்கும் உள்ளே ஓர் அறை. அதுவும் நம் கைத்தொழில்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தியைப் பிடித்து ஒரு ஒட்டுக் கட்டிப் பார்க்கட்டும்.

ராமலிங்கம் (11.50)
நல்ல யோசனை மாப்பிள்ளை, சேர்த்துவிட்டேன். மாம்பழ வடிவம் மட்டும் கிடையாது.

இனியன் (11.55)
பெரியப்பா, மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத் துறைக்கு ஒன்று தபாலில். கலெக்டர் ஆபீஸில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். அந்த நம்பரை இங்கே போடுங்கள், நான் ஆன்லைனில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுதா (11.56)
காலையில் 9 மணிக்கே போய்விடுங்கள் மாமா. லைன் பெரிசாக இருக்கும்.