பாக்கெட் ஸ்விட்சிங்: பொதியா, சிப்பமா, துண்டமா?

அனுப்புநர்: நப்பின்னை

குழுவினர்க்கு வணக்கம்.

மேல்நிலை வகுப்புக்கான தகவல்தொடர்பு நூலில் ஓர் இயல் சொல் கிடைக்காமல் நிற்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

இயலில் மூன்று முறைகள் வருகின்றன. முதலாவது தந்தி. இடைநிலையத்துக்கு வந்த செய்தி முழுவதும் காகித நாடாவில் துளைகளாக விழும். பணியாளர் நாடாவைக் கிழித்தெடுத்து, முகவரி பார்த்து, அடுத்த கம்பிக்குரிய கருவியில் மாட்டுவார். கம்பி ஒழியாவிட்டால் நாடா காத்திருக்கும். இரண்டாவது பழைய தொலைபேசி முறை. காத்திருப்பு இல்லை, ஆனால் பேசி முடிக்கும்வரை ஒரு தடம் இருவருக்கே உரியது. இருவரும் வாய் திறக்காவிட்டாலும் மூன்றாமவர் அதில் நுழைய முடியாது. மூன்றாவது, செய்தியைச் சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றின்மேலும் முகவரி எழுதி, பலருடைய பகுதிகளையும் ஒரே கம்பியில் கலந்து விடுவது. இன்றைய இணையம் முழுவதும் இந்த மூன்றாவதன்மேல்தான் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'பாக்கெட் ஸ்விட்சிங்' எனப்படும் அதற்குத்தான் தமிழ்ப் பெயர் வேண்டும்.

'பாக்கெட்', 'ஸ்விட்சிங்' இரண்டுக்கும் சொல் தாருங்கள். 'ஹெடர்' (பகுதியின் முன்னால் முகவரி இருக்கும் இடம்), 'பாக்கெட் லாஸ்' (பகுதி வழியில் தொலைவது) போன்றவையும் அதே வேரிலிருந்து கிளைக்க வேண்டும். வரைவில் 'சிப்பம்' என்று இட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

அனுப்புநர்: எழில்

சிப்பம் மொத்த வணிகச் சொல், மாணவர் காதில் விழுந்திருக்காது. 'துண்டம்' என்று வையுங்கள் அக்கா. செய்தியைத் துண்டு துண்டாக்கி அனுப்புகிறோம் என்றால் யாருக்கும் விளங்கும். துண்டமாற்று, துண்ட இழப்பு.

அனுப்புநர்: கபிலன்

துண்டம் வேண்டவே வேண்டாம். பாக்கெட்டையே வழியில் மேலும் வெட்டினால் வருவது ஃபிராக்மென்ட் என்று வேறொன்று இருக்கிறது, அதற்குச் சொல் இல்லாமல் போகும்.

கணக்காகவே பாருங்கள். 4000 பைட் நீளமுள்ள ஒரு ஐபி (இணைய நெறிமுறை) பாக்கெட், ஈதர்நெட் என்ற கம்பிவலை வழியே போக வேண்டும். ஈதர்நெட் ஒரு முறைக்கு 1500 பைட்தான் ஏற்கும். ஹெடர் எனும் தலைப்பகுதி 20 பைட் போக உள்ளடக்கம் 3980. வழிகாட்டும் கருவியான ரவுட்டர் அதை 1480, 1480, 1020 என வெட்டி, மூன்றுக்கும் தனித்தனியே 20 பைட் தலைப்பகுதி வைக்கும். எது எங்கே பொருந்தும் என்பதை 8 பைட் அளவைகளில் குறிக்கும்: 0, 185, 370. மூன்றில் ஒன்று வராவிட்டாலும் பெறுமிடத்தில் முழுப் பாக்கெட்டும் வீண்.

வெட்டக்கூடாது என்ற குறியோடு வந்தால் ரவுட்டர் அதைக் கைவிட்டு, 'பெரிதாக இருக்கிறது' என்று அனுப்பியவருக்கு அறிவிப்பு விடும். நடுவில் யாராவது பாதுகாப்பு என்று அந்த அறிவிப்பைத் தடுத்திருந்தால்தான் சிக்கல். சிறிய பாக்கெட்டுகள் போய்விடுவதால் இணைப்பு உண்டாகிவிடும். பெரியவை போகாததால் பக்கம் மட்டும் திறக்காமல் தொங்கும். இதை எழுதும் ஆசிரியர் 'துண்டத்தைத் துண்டாக்கி' என்றா எழுதுவார்?

என் பரிந்துரை 'பாக்கெட்' என்றே விடுவது. களத்தில் எல்லாரும் சொல்வது அதுதான். 1965இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இம்முறையை வகுத்த டொனால்ட் டேவிஸ், பிறமொழிகளிலும் எளிதாக வழங்கக்கூடிய சொல்லா என்று மொழியறிந்தவரைக் கேட்டுத்தான் 'பாக்கெட்' என்பதைத் தேர்ந்தார். அதே முறையை அவருக்கு முன்பே தனியாகக் கண்டிருந்த அமெரிக்காவின் பால் பேரன் 1964 அறிக்கைகளில் 'செய்திக் கட்டம்' என்ற பொருளில்தான் எழுதினார். 1024 பிட் கொண்ட கட்டம். அந்தப் பெயர் நிற்கவில்லை.

அனுப்புநர்: இளவழுதி

பிறமொழிகளில் வழங்க வேண்டும் என்று அவர் எண்ணியது, ஒவ்வொரு மொழியும் தன் சொல்லை வைத்துக்கொள்ளத் தடையாகாது, கபிலன் தம்பி.

'பொதி' இருக்க வேறு எதற்கு? பட்டினப்பாலையில் "புலி பொறித்துப் புறம்போக்கி, மதி நிறைந்த மலிபண்டம் பொதி மூடைப் போர் ஏறி" என்று வருகிறது. சுங்கத்தார் மூடையின்மேல் புலிச்சின்னம் பொறித்து வெளியே விடுகிறார்கள். ரவுட்டரும் உள்ளே இருப்பதை அவிழ்ப்பதில்லை, மேலுள்ள குறியைப் பார்த்தே அனுப்புகிறது.

பொதி பெயராகவும் நிற்கும், வினைக்கும் அடியாகும். ஒன்றை இன்னொன்றுக்குள் வைத்து மூடும் என்காப்சுலேஷனுக்குப் 'பொதிதல்', பிரித்தெடுப்பதற்குப் 'பொதியவிழ்த்தல்'. ஹெடருக்குப் 'பொதித்தலை'. இன்னொன்று: மன்றத்தைக் குறிக்கும் 'பொதியில்' என்பதைப் பொது + இல் என்று பிரிப்பர். பொதியும் பொதுவும் ஒருவேர்ச் சொற்கள் என்பது என் துணிபு. பலர் பொதுவாகப் பகிரும் கம்பியில் செல்வது பொதி என்றால் வேரிலேயே பொருள் அமைந்துவிடுகிறது.

அனுப்புநர்: கபிலன்

பொதியில் வேறு, பொதி வேறு, ஐயா. ஒன்று கூடுமிடம், மற்றது மூடிக் கட்டுவது. ஒலி நெருக்கம் மட்டும் வேராகாது.

பொதி என்றாலே சுமை நினைவுக்கு வருகிறது என்பதும் என் தயக்கம். இணையத் தொலைபேசியில் ஒரு நொடிப் பேச்சு, வழக்கமான 64 கிலோபிட் வீதத்தில், 8000 பைட். அதை 20 மில்லிநொடிக்கு ஒன்றாக 50 பாக்கெட்டுகளில் அனுப்புகிறோம். ஒன்றில் பேச்சு 160 பைட்தான், மேலே தலைப்பகுதிகள் 40 பைட். இதைப் பொதி என்றால் கழுதைமேல் ஏற்றுவது போல் இல்லையா?

அனுப்புநர்: எழில்

துண்டத்தை விட்டுவிடுகிறேன். ஃபிராக்மென்ட்டுக்குத் 'துணுக்கு' வைக்கலாம், பொதித்துணுக்கு. ஆனால் 'பொதித்தலை' கரடுமுரடாக இருக்கிறது. 'தலைப்பு' என்றும் வைக்க முடியாது, மாணவர் அதைக் கட்டுரைத் தலைப்பு என்றே படிப்பர். 'தலைப்பகுதி' போதும்.

அனுப்புநர்: சிவகாமி

முதல் பாதிக்கே இத்தனை மடலா? சிக்கல் 'ஸ்விட்சிங்'கில்தான் இருக்கிறது.

'பொதிமாற்று' என்று எழுதினால் பண்டமாற்று நினைவுக்கு வரும். ஒருவர் பொதியைக் கொடுத்து இன்னொருவர் பொதியை வாங்குவதாகப் பொருள்படும். இங்கே மாறுவது பொதி அன்று, அது செல்லும் வழி. இலங்கை வழக்கில் விளக்குப் போடும் ஸ்விட்சை ஆளி என்போம். அதுவும் இங்கே ஒட்டாது, திறந்து மூடுவதை மட்டுமே காட்டும்.

பழைய தொலைபேசியில் ஸ்விட்சிங் என்பது உண்மையிலேயே உறுப்பு அசையும் வேலையாக இருந்தது. ஸ்ட்ரௌஜர் 1891இல் காப்புரிமை பெற்ற கருவியை அடிப்படையாகக் கொண்ட இணைப்பகங்களில், நீங்கள் 7 சுழற்றினால் ஏழு மின்துடிப்புகள் போய், தடத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவியான தேர்வியின் கை ஏழு படி ஏறும். பிறகு பக்கவாட்டில் திரும்பி ஒரு முனையைத் தொடும். தொட்ட இடம் பேசி முடியும்வரை அவர்களுடையது. அதற்கு 'இணைப்பு' சரி. பொதிக்கு அப்படி எதுவும் இணைக்கப்படுவதில்லை. வருகிறது, வரிசையில் நிற்கிறது, முகவரி பார்த்து அடுத்த தடத்தில் தள்ளப்படுகிறது. வரிசைக்கான நினைவகம் நிரம்பினால் கைவிடப்படுகிறது. பொதியிழப்பில் பெரும்பங்கு இதுதான், கம்பி அறுவது அன்று.

எனவே 'மடைமாற்று' என்கிறேன். நீரை ஒரு வாய்க்காலிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் சொல் நம்மிடம் இருக்கிறது. பொதிமடைமாற்று.

இன்னொன்று, சர்க்கிட் ஸ்விட்சிங் எனப்படும் இந்தத் தொலைபேசி முறையைத் தயவுசெய்து 'சுற்றுவழி' என்று எழுதிவிடாதீர்கள். சுற்றுவழி என்றால் வளைந்து போகும் பாதை. இங்கே பொருள் நேர்மாறு, 'தனித்தட இணைப்பு'.

அனுப்புநர்: இளவழுதி

தனித்தட இணைப்பு அருமை. மடைமாற்றில் ஒரு குறை உண்டு அம்மா. மடையை மாற்றினால் ஓடும் நீர் முழுவதும் திரும்பும். பொதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே வழி பார்க்கின்றன. ஒரே செய்தியின் இரு பொதிகள் வெவ்வேறு வழியில் போய் முன்பின்னாக வந்து சேரவும் கூடும்.

அனுப்புநர்: நப்பின்னை

நேரம் முடிந்தது. பொதி, பொதித்துணுக்கு, பொதியிழப்பு, தலைப்பகுதி, தனித்தட இணைப்பு ஆகியவை அப்படியே போகின்றன. பாக்கெட் ஸ்விட்சிங்குக்குப் 'பொதிமாற்று' என்று நால்வர் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள், மடைமாற்றுக்கு இருவர். பொதிமாற்று என்றே இடுகிறேன். முதலில் வருமிடத்தில் 'பாக்கெட் ஸ்விட்சிங் எனப்படும்' என்று கபிலனுக்காகச் சேர்த்திருக்கிறேன்.

அனுப்புநர்: சிவகாமி

இடுங்கள். ஆனால் முதல் படத்தின் கீழே ஒரு வரி வேண்டும்: 'இங்கு மாறுவது பொதியின் வழி; பொதி மாறுவதில்லை.' அந்த வரி இல்லாமல் நூல் போனால் அடுத்த பதிப்புக்கு இதே இழையைத் திரும்பத் திறப்பேன்.