பாவத்திலிருந்து விடுதலை, நீதிக்கு அடிமை: இது எப்படிச் சுதந்திரமாகும்?

கேள்வி:

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனங்களோடு வளர்ந்தவன் நான். ஆயினும் ரோமர் 6-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் தடுக்கி நிற்கிறேன். பாவத்திலிருந்து விடுதலையாக்கப்பட்டு நீதிக்கு அடிமைகளானீர்கள் என்று பவுல் 18-ஆம் வசனத்தில் எழுதுகிறார். ஓர் எஜமானின் கையிலிருந்து இன்னோர் எஜமானின் கைக்கு மாற்றப்பட்டவனை நாம் விடுதலை பெற்றவன் என்று சொல்வதில்லை; விற்கப்பட்டவன் என்றுதான் சொல்வோம். புதிய எஜமான் நல்லவர் என்பதனால் மட்டும் அடிமை முறிச்சீட்டு கிழிந்துபோய்விடுமா?

இதைவிட எனக்குப் பெரிய சிக்கல் யோவான் 8:34. பாவஞ்செய்கிறவன் எவனும் பாவத்துக்கு அடிமை என்கிறார் இயேசு. நான் என்னையே நேர்மையாகப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நான் பொய் சொல்லும்போது யாரும் என் கழுத்தில் கத்தி வைப்பதில்லை. தெரிந்தே, விரும்பியே சொல்கிறேன். உறவினர் ஒருவரோடு பல ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கிறேன்; அதற்கும் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பொய் சொல்லாதே, மன்னித்துவிடு என்னும் கட்டளைகள்தான் என்னை நெருக்குகின்றன. அப்படியானால் கட்டுவது பாவமா, கட்டளையா? இறைநம்பிக்கை இல்லாத நண்பர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டபோது என்னால் வசனங்களை ஒப்பிக்க முடிந்ததே தவிர, விளக்க முடியவில்லை. "விசுவாசி" (நம்பு) என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடாத பதில்களை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி 1:

ஐயா, நான் கத்தோலிக்கன். ஆகவே என் சொற்கள் சற்று வேறுபட்டிருக்கலாம். உங்களுடைய இரண்டாவது கேள்வி புதியதன்று. யோவான் 8-இல் இயேசுவிடமே அது வைக்கப்பட்டது. உண்மை உங்களை விடுதலையாக்கும் என்று அவர் சொன்னவுடன், தாங்கள் ஆபிரகாமின் வழிமரபினர் என்றும் எவருக்கும் ஒருபோதும் அடிமைகளாய் இருந்ததில்லை என்றும் கேட்டவர்கள் மறுத்தார்கள். எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள், உரோமைப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில் சொன்ன பதில் அது. இயேசு நினைத்திருந்தால் அந்த வரலாற்றைச் சொல்லியே அவர்களை வாயடைக்கச் செய்திருக்கலாம். அவர் அதைத் தொடவில்லை. வெளியில் எஜமான் இருக்கிறானா இல்லையா என்பதை விட்டுவிட்டு, விருப்பம் பிறக்கும் இடத்திற்கே பேச்சைக் கொண்டுபோனார்.

நீங்கள் சொல்லும் பொய்யையே எடுத்துக்கொள்வோம். முதல் பொய் உங்களுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பொய் யாருடையது? முதல் பொய் கேட்டதனால் சொன்னது அல்லவா? அதன் பிறகு யாரிடம் எதைச் சொன்னோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒருவரைத் தெருவில் கண்டால் பேச்சை எங்கே திருப்புவது என்று முன்கூட்டியே எண்ண வேண்டும். உண்மையைச் சொல்லும் வாய்ப்பு தானாக வந்து நிற்கும்போதும் வாய் திறக்காது. கத்தி எதுவும் இல்லை என்பது உண்மை. ஆனால், கத்தி வைத்திருப்பவன் செய்திருக்கக்கூடிய வேலையெல்லாம் செவ்வனே நடந்துகொண்டிருக்கிறது.

பழங்காலத் திருச்சபையின் இறையியலாளரான புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூலின் எட்டாம் பகுதியில் இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துக் காட்டுகிறார். தம்மைக் கட்டியிருந்தது பிறர் போட்ட இரும்பு அன்று, தம் சொந்த விருப்பமே என்கிறார். கோணிப்போன விருப்பத்திலிருந்து இச்சை பிறந்தது. இச்சைக்குப் பணிந்தபோது பழக்கம் உண்டாயிற்று. பழக்கத்தை எதிர்க்காமல் விட்டபோது அது தவிர்க்க முடியாத தேவையாயிற்று. ஆகவே, விரும்பித்தான் செய்கிறேன் என்று நீங்கள் சொல்வது அடிமைத்தனத்தை மறுக்கும் சான்று அன்று; அடிமைப்பட்டிருப்பது அந்த விருப்பமேதான். அதே நூலின் இரண்டாம் பகுதியில், பதினாறு வயதில் தோழர்களோடு அயலான் மரத்துப் பேரிக்காய்களைத் திருடியதைப் பற்றி எழுதுகிறார். பசியால் அன்று, பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். ஏன் செய்தேன் என்று பக்கம் பக்கமாகத் தேடுகிறார்; விலக்கப்பட்டது என்பதே இனித்தது என்பதைத் தவிர உருப்படியான காரணம் ஒன்றும் அவருக்கு அகப்படவில்லை. முழுச் சுதந்திரத்தோடு செய்ததாகத் தோன்றிய செயலுக்கு, செய்தவராலேயே காரணம் காட்ட முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாவம் என்பதற்கு எபிரேயத்தில் வழங்கும் முக்கியமான சொல்லின் வேர் "குறி தவறுதல்" என்ற பொருளிலும் வரும். நியாயாதிபதிகள் 20:16-இல், மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறியும் 700 இடக்கை வீரர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அந்த வினையே ஆளப்படுகிறது. கிரேக்கச் சொல்லான "ஹமார்த்தியா"வும் அப்படியே. நம் தமிழும் இதில் குறைந்ததன்று: குறி தப்புவதற்கும், தப்புச் செய்வதற்கும் நாம் வைத்திருப்பது ஒரே சொல்தான். குறியைத் தப்புகிறவனின் கை, குறியைத் தொடுகிறவனின் கையைவிடச் சுதந்திரமானது என்று யாரும் சொல்வதில்லை. கல் எங்கே வேண்டுமானாலும் போய் விழும் என்பது எறிகிறவனின் உரிமையைக் காட்டவில்லை. அவன் கை அவன் வசத்தில் இல்லை என்பதையே காட்டுகிறது.

மறுமொழி 2:

முதல் மறுமொழியோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால், "அடிமை" என்ற உவமையை நாம் இவ்வளவு எளிதாகக் கடந்துபோகக் கூடாது. இந்த வசனங்களைக் காட்டி உண்மையான மனிதர்களை உண்மையான விலங்குகளில் வைத்திருந்தவர்கள் கிறிஸ்தவ வரலாற்றில் இருந்திருக்கிறார்கள். கீழ்ப்படிதல் என்ற பெயரில் மனைவியையும் பிள்ளைகளையும் நசுக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பவுலுக்கே அந்த உவமை நெருடியிருக்கிறது என்று நினைக்கிறேன். கேள்வியாளர் காட்டிய வசனத்துக்கு அடுத்த வசனத்திலேயே, உங்கள் பலவீனத்தை முன்னிட்டு மனுஷர் பேசுகிற விதமாகப் பேசுகிறேன் என்று அவர் குறுக்கிட்டுச் சொல்கிறார். வேறு பொருத்தமான சொல் கிடைக்காததால் இதை எடுத்தேன் என்பதுபோல. நிஜமான அடிமைகளுக்கு எழுதும்போது, நீ சுயாதீனனாகக் கூடுமானால் அந்த வாய்ப்பைக் கைக்கொள் என்பதாகவே 1 கொரிந்தியர் 7:21-ஐப் பலரும் புரிந்துகொள்கிறார்கள்.

இருந்தாலும் எஜமான் மாறுவது வெறும் கைமாற்றம்தானா என்ற கேள்விக்கு யாத்திராகமமே பதில் வைத்திருக்கிறது. எகிப்தின் மன்னன் பார்வோனிடம் மோசே கொண்டுபோன கட்டளையை நாம் பாதியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். "என் ஜனங்களைப் போகவிடு" என்பதோடு அது முடியவில்லை; எனக்கு ஆராதனை செய்யும்படி போகவிடு என்பதே முழு வாசகம். எபிரேய மூலத்தில் எகிப்தியருக்குச் செய்த அடிமை வேலைக்கும், கர்த்தருக்குச் செய்யும் ஆராதனைக்கும் வேர்ச்சொல் ஒன்றே. எனவே மேலோட்டமாகப் பார்த்தால் கேள்வியாளர் சொல்வது சரிதான்: பணிவிடை பணிவிடையாகவே இருக்கிறது, எஜமான்தான் மாறுகிறார். ஆனால் அந்த இரண்டு எஜமான்களும் என்ன கட்டளை இடுகிறார்கள் என்று பாருங்கள். பார்வோன் வைக்கோலை நிறுத்திவிட்டுச் செங்கல் கணக்கைக் குறைக்க மறுக்கிறான். கர்த்தரோ வாரத்தில் ஒரு நாள் வேலையை நிறுத்து என்று கட்டளையிடுகிறார். வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும்கூட இளைப்பாற வேண்டும், ஏனெனில் நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று உபாகமம் 5-இல் காரணமும் சொல்லப்படுகிறது. ஓய்வெடு என்று கட்டளையிடும் எஜமானை அடிமை முறைக்குள் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். மதுவுக்கோ வேறொன்றுக்கோ அடிமையாகிவிட்டவரின் நிலையைப் பாவத்துக்கு உவமையாகச் சொல்வது நம் பிரசங்கங்களில் வழக்கம். உவமையாக மட்டும் இருக்கும்வரை அது பொருந்தும். ஆனால் அது மருத்துவம் தேவைப்படும் நோயும்கூட. அப்படிப்பட்ட ஒருவரிடம் "மனந்திரும்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குகிறவர் அவருக்கு நன்மை செய்யவில்லை.

கேள்வியாளர்:

இருவருக்கும் நன்றி. தப்பு என்ற சொல்லை இந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. பரலோகத்தில் பாவம் செய்யவே முடியாது என்கிறோம். செய்யவும் செய்யாதிருக்கவும் வாய்ப்பு இருப்பதுதானே சுதந்திரம்? அந்த வாய்ப்பு எடுக்கப்பட்டுவிட்டால், நாம் நல்லபடியாக ஓடும் இயந்திரங்களாகத்தானே இருப்போம்?

மறுமொழி 3:

சுருக்கமாக ஒரு பதில். தேவன் பொய்யுரையாதவர் என்று தீத்து 1:2 சொல்கிறது. அவரால் பாவம் செய்ய முடியாது. பாவம் செய்யக்கூடிய திறமையும் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்றால், நம்மைவிடத் தேவனுக்குச் சுதந்திரம் குறைவு என்று சொல்ல வேண்டிவரும். 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இறையியலாளர் ஆன்செல்ம் இந்த வாதத்தை வைத்தே, பாவம் செய்யும் ஆற்றல் சுதந்திரத்தைச் சேர்ந்ததன்று என்ற முடிவுக்கு வந்தார். அவருக்கு முன்பே அகஸ்டின் (முதல் மறுமொழியில் வந்த அகுஸ்தீனார்தான்) மூன்று நிலைகளைப் பிரித்திருந்தார்: ஆதாமுக்குப் பாவம் செய்யாதிருக்க முடிந்தது, விழுந்துபோன மனிதனால், கிருபையின்றி, பாவம் செய்யாதிருக்க முடியவில்லை, பரலோக மகிமையில் இருப்பவர்களால் பாவம் செய்ய முடியாது. கடைசி நிலையையே அவர் மிகப் பெரிய சுதந்திரம் என்றார்.

"முடியாது" என்ற சொல்லை நாமே இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம் என்பதைக் கவனித்தால் இது விளங்கும். கால் ஒடிந்தவர் நடக்க முடியாது என்பது ஒன்று. தன் குழந்தைக்கு விஷம் கொடுக்கச் சொன்னால் ஒரு தாய் "என்னால் முடியாது" என்பது வேறொன்று. இரண்டாவது முடியாமையில் எந்த ஆற்றலும் குறைவுபடவில்லை. அவள் அந்த நேரத்தில் முழுவதுமாக அவளாகவே இருக்கிறாள். அவளை இயந்திரம் என்று யார் சொல்வார்?

ஆதாமின் வீழ்ச்சியில் மனித சித்தம் எவ்வளவு சேதமடைந்தது என்பதில் சபைகள் ஒத்துப்போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரட்சிப்பைப் பொறுத்தவரை சித்தம் கட்டுண்டது என்று 1525-இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி லூத்தர், அறிஞர் எராஸ்மஸுக்கு எதிராக எழுதினார். அது பலவீனப்பட்டதே தவிர அழிந்துபோகவில்லை என்று 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் அறிவித்தது. இந்த இழையில் அதைத் தொடங்கினால் முடிவே இருக்காது.

மறுமொழி 4:

கட்டுவது பாவமா, கட்டளையா என்ற முதல் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று எனக்குப் படுகிறது. கட்டளையும் கட்டும் என்பதே என் பதில். லூக்கா 15-இல் இயேசு சொல்லும் இரண்டு குமாரரின் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். இளைய குமாரனைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள்: பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசத்துக்குப் போய், விரும்பியதையெல்லாம் செய்து, கடைசியில் பன்றிகளின் தவிட்டுக்கு ஏங்கியவன். ஆனால் மூத்தவன் வீட்டை விட்டு ஓர் அடி நகரவில்லை. தகப்பனின் ஒரு கற்பனையையும் (கட்டளையையும்) மீறவில்லை என்று அவனே சொல்லிக்கொள்கிறான். தகப்பனிடம் அவன் சொல்லும் வார்த்தையை நம் தமிழ் வேதாகமம் "ஊழியஞ்செய்து" என்று மென்மையாக மொழிபெயர்த்திருக்கிறது. கிரேக்கத்தில் இருப்பது அடிமை வேலை செய்வதைக் குறிக்கும் சொல். இத்தனை வருஷம் உமக்கு அடிமையாக உழைத்தேன், ஓர் ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்பதே அவன் மனக்குறை. சொந்த வீட்டிலேயே, கீழ்ப்படிந்துகொண்டே, அவன் அடிமையாக இருந்திருக்கிறான்.

இளையவனும் திரும்பி வரும்போது அதே மனநிலையில்தான் வருகிறான். கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்று கேட்பதற்கு வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறான். வசனம் 19-ஐயும் 21-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தயாரித்த அந்தக் கடைசி வரியை அவன் சொல்லி முடிக்கவே இல்லை; அதற்குள் தகப்பன் வஸ்திரத்துக்கும் மோதிரத்துக்கும் ஆள் அனுப்பிவிடுகிறார். நீங்கள் மேற்கோள் காட்டிய யோவான் 8:34-க்கு அடுத்த வசனம் இதைத்தான் சொல்கிறது: அடிமை என்றைக்கும் வீட்டில் நிலைத்திரான், குமாரன் நிலைத்திருக்கிறார். ஆகவே இயேசு பேசும் விடுதலை, எஜமானே இல்லாத வெளிக்குப் போவதும் அன்று, நல்ல எஜமானிடம் போய்ச் சேர்வதும் அன்று, பிள்ளையாவது. கட்டளை அப்போதும் இருக்கும். ஆனால் கூலிக்காரன் வயலில் வேலை செய்வதற்கும், அந்த வயலுக்கு உரிய பிள்ளை வேலை செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய வெளியிலிருந்து பார்த்தால் போதாது. வேர்வை இருவருக்கும் ஒன்றே.

நம் வேதாகமத்தில் "சுயாதீனம்" என்ற அழகான பழைய சொல் இருக்கிறது. தன் ஆதீனத்தில் தான் இருப்பது என்று அதைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். கலாத்தியர் 5:13-இல் பவுல் அந்தச் சுயாதீனத்துக்கு அழைக்கப்பட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் என்கிறார். மூத்த குமாரன் கசந்துகொண்டு சொன்ன அதே கிரேக்க வினைதான் அங்கும். தன் வசத்தில் தான் இருப்பவன்தானே தன்னை இன்னொருவருக்குக் கொடுக்க முடியும்? லூத்தர் 1520-இல் எழுதிய சிறு நூலில், கிறிஸ்தவன் யாருக்கும் உட்படாத சுயாதீன எஜமான் என்றும், எல்லாருக்கும் உட்பட்ட ஊழியன் என்றும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது இதனால்தான்.

உறவினரோடு பேசாமல் இருப்பதற்கு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மூத்த குமாரனையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வீடு அவனுடையது, கதவு திறந்திருக்கிறது, கீதவாத்தியம் வெளியே கேட்கிறது, தகப்பனே வெளியில் வந்து வருந்தி அழைக்கிறார். "உள்ளே போக மனதில்லாதிருந்தான்" என்கிறது 28-ஆம் வசனம். அவன் பிறகு உள்ளே போனானா என்பதை லூக்கா எழுதவில்லை.