பழைய பாய்மரப் படகுக்கு மஃப்ளர் மாற்ற யோசனை தேவை

அமெரிக்காவின் அனாபொலிஸில் 30 அடி பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். 1980களில் கட்டியது, மூன்று சிலிண்டர் டீசல். புகையோடு கடல்நீரைக் கலந்து வெளியே தள்ளும் வகை எக்ஸாஸ்ட். சத்தத்தைக் குறைக்கும் பெட்டியான இரும்பு மஃப்ளரின் அடிப்பக்கம் துருப்பிடித்து ஒழுகுகிறது. கேபினில் புகை வாடை வேறு. கார்பன் மோனாக்சைடுக்குப் பயந்து இப்போது எஞ்சினையே போடுவதில்லை. வெல்டிங் வைக்கலாம் என்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

புதிதாக வாங்கினால் வீட்டஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் மஃப்ளரா, சென்டெக் கம்பெனியின் ஃபைபர்கிளாஸ் மஃப்ளரா? குழப்பம் கொள்ளளவில்தான். எஞ்சினை நிறுத்தியதும் மஃப்ளரிலிருந்து வெளியே போகும் ஹோஸில் நிற்கும் தண்ணீர் மஃப்ளருக்கே திரும்பும். இடம் போதாவிட்டால் சிலிண்டருக்குள் ஏறிவிடும், அப்புறம் எஞ்சின் காலி. என் ஹோஸ் 2 அங்குலம். மஃப்ளரிலிருந்து உச்சி வளைவுவரை 5 அடி. நிரம்பினால் சுமார் 3 லிட்டர். இதற்கு எத்தனை லிட்டர் மஃப்ளர் போட்டால் நிம்மதி?

இன்னொன்று: புதியவை எல்லாம் பழையதைவிட உயரம். எக்ஸாஸ்ட் எல்போவுக்கு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வளைகுழாய்) கீழேயும் இருக்க வேண்டுமே! இடத்தை மாற்றி வைத்தவர்கள் யாராவது உண்டா? கையோடு எல்போவையும் ஹோஸையும் மாற்றிவிடலாமா? சரி, படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், போடுகிறேன்.