திறன் உயர்த்தும் விலை சரியாக வரவில்லை, ஞாயிற்றுக்குள் உதவி வேண்டும்

அல்சூர் பகடை: ஞாயிறு மாலை, ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து ஆடும் மேசை ஆட்டம் இருக்கிறது, அவசரம். வாள்வீரன் எல்லாரையும் முந்திக்கொண்டு போகிறான், வைத்தியர் பின்தங்கியே நிற்கிறார். வைத்தியராக ஆடுபவர் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். அவர் தாளில் வைத்தியம் என்ற கட்டத்தில் 3 மாறவே இல்லை. "எனக்கு எப்போதுதான் 4 வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. திறனை ஒரு படி உயர்த்தச் செலவிடும் புள்ளிதான் விலை. அதை எவ்வளவு குறைக்கலாம்?

மாடிவீடு: எந்த ஆட்டம்? தொடக்கத்தில் எத்தனை புள்ளி கொடுத்தீர்கள்?

நூறுமுகம்: விலையே வேண்டாம் நண்பரே. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற கதாபாத்திர ஆட்டத்தின் முறைதான் நியாயம். ஒரு திறனை வெற்றியாகப் பயன்படுத்திய பிறகு அதற்காக நூறுமுகப் பகடை உருட்ட வேண்டும். இருக்கும் அளவைவிட அதிகம் விழுந்தால் திறன் வளரும். தேறத் தேற வளர்ச்சி தானாகவே மெதுவாகும்.

மூத்த நடுவர்: தம்பி, விலைப் பட்டியல் இல்லாமல் விலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். இதைப் புதியவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விதி எழுத வேண்டும்.

அல்சூர் பகடை: மன்னியுங்கள் ஐயா. நாங்களே எழுதிய ஆட்டம். தொடக்கத்தில் 7 புள்ளி, படிக்கு ஒன்று. ஆடும்போது ஒரு திறனை உயர்த்த, எட்டும் படி × 3 புள்ளி. வாரம் 3 புள்ளி தருகிறேன். வீரன்: வாள் 5, ஒற்று (வேவு) 1, பேச்சு 1. வைத்தியர்: வைத்தியம் 3, மற்றவை 2, 2.

மாடிவீடு: இப்போது புரிகிறது. இருவரும் 5, 2, 2 என்ற இடத்துக்கு வர வேண்டும் என்று வையுங்கள். வீரனுக்கு 6 + 6 = 12 போதும், நான்கே வாரம். வைத்தியருக்கு 12 + 15 = 27, ஒன்பது வாரம். ஆடும்போது உள்ள விலையில் தொடக்கத் தாள்களை மதிப்பிட்டால் வீரன் 51, வைத்தியர் 36. அந்த 15 புள்ளியை முதல் நாளே வீரனுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள். விலையைக் குறைத்தாலும் இது தீராது. தொடக்கத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரே அட்டவணை வேண்டும்.

கோட்டைவாசல்: ஒரே அட்டவணை எதற்கு? 1981 டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அடிப்படைத் தொகுப்பில் இரண்டாம் நிலைக்கு ஏற வேண்டிய அனுபவப் புள்ளி திருடனுக்கு 1,200, வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. ஆளுக்கொரு விலை வையுங்கள்.

மூத்த நடுவர்: அங்கே திருடன், வீரன் போன்ற வகுப்புகள் சமமில்லை, விலை அதை ஈடுகட்டியது. இங்கே வகுப்பே இல்லை. பழைய விதியை எடுத்து வருமுன் அது எதற்காக எழுதப்பட்டது என்று பாருங்கள்.

கோட்டைவாசல்: அந்தத் தொகுப்பை நானும் ஆடியிருக்கிறேன். திருடன் சீக்கிரம் நிலை ஏறினாலும் அவன் எவ்வளவு அடி தாங்குவான் என்று சொல்லும் உயிர்ப்புள்ளிக்கு நான்குமுகப் பகடைதான். அது ஈடாகவே இல்லை.

நூறுமுகம்: பயன்படுத்தி வளரும் முறையில் இந்தச் சண்டையே வராது.

அல்சூர் பகடை: வைத்தியருக்கு 15 புள்ளி கொடுத்துவிட்டேன். வைத்தியம் 4 ஆனது, 3 புள்ளி மிச்சம். பழைய 3-ஐ அழித்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது, புதுத் தாள் எழுதிக்கொண்டார். மாடிவீடு அவர்களுக்கு நன்றி.