டிவியில் காட்டிய உணவகங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி

நாற்பது பக்க நோட்டு எழுதியது:

என் மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எங்கள் பகுதி உணவகம் ஒன்றைத் தொலைக்காட்சியில் யாராவது புகழ்ந்தாலும், வார இதழில் அதைப் பற்றி ஒரு பக்கம் வந்தாலும் உடனே அதில் குறித்துவைப்பேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பசியே தீர்ப்பு எழுதிவிடும் என்பது என் கட்சி.

நோட்டில் நான்கு பத்திகள்: கடையின் பெயர், பரிந்துரைத்தது யார், எதைச் சாப்பிடச் சொன்னார்கள், நாங்கள் கண்டது என்ன. நான்காவது பத்தியை என் மனைவிதான் எழுதுவாள். "போன இடத்தையெல்லாம் விட்டுக்கொடுக்காமல் பேசுவீர்கள், பேனாவை இங்கே கொடுங்கள்" என்று முதல் மாதமே வாங்கிக்கொண்டாள். அவள் குறிப்புகள் தந்தி மாதிரி இருக்கும். "ஆறிப்போனது." "காத்திருந்த நேரத்தில் வீட்டிலேயே சமைத்திருக்கலாம்." ஓரிடத்துக்கு "கை கழுவும் இடம் நன்று" என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.

இதுவரை போனது இருபத்து மூன்று இடங்கள். திரும்பவும் போனது இரண்டே இரண்டுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் இந்தக் கேள்விக்குக் காரணம். அந்த உணவகத்தைப் பத்து நாட்களுக்கு முன்பு தொலைக்காட்சியில் காட்டினார்கள். தொகுப்பாளர் ஒரு வாய் எடுத்து வைத்தார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார், பேச்சு வரவில்லை என்று கையால் சைகை செய்தார். எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே நாக்கில் நீர் ஊறியது. மதியம் ஒரு மணிக்குப் போனோம். வாசலில் எள் விழ இடமில்லை. ஒரு பையன் எண் எழுதிய அட்டையைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொன்னான். ஒரு மணி பத்து நிமிடம் நின்ற பிறகு, சமையலறைக் கதவை ஒட்டிய மேசை கிடைத்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அதன் கைப்பிடி என் நாற்காலியின் முதுகில் இடித்தது.

தட்டு வந்தது. திரையில் பளபளத்தது எதுவோ அது இதில் இல்லை. ஓரத்தில் எண்ணெய் உறைந்து வெண்மையாகப் படிந்திருந்தது. நடுவில் வெதுவெதுப்பு, விளிம்பில் குளிர்ச்சி. உப்பு ஒரு பக்கம் கரித்தது, மறுபக்கம் காணோம். கலக்கக்கூட நேரமில்லாமல் இறக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதே நேரத்தில் பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டு வேறு எதையோ நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்காமலேயே பரிமாறுகிறவர் வந்து வந்து வைத்துவிட்டுப் போனார். அவர் தட்டிலிருந்து ஆவி பறந்தது.

நான் கேட்க வருவது இதுதான். திரையில் பொய் சொல்கிறார்களா? நான் தப்பான நேரத்தில் போகிறேனா? இல்லை, என் நாக்கில்தான் கோளாறா? பரிந்துரையைக் கேட்டுப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பு எதைப் பார்த்து எடைபோடுகிறீர்கள்?

---

ஒற்றைவரி எழுதியது:

நோட்டைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

---

நாற்பது பக்க நோட்டு எழுதியது:

கேட்டேன். அவரும் அதே நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு எனக்கு முந்தின நாள் அதே கடைக்குப் போய் வந்திருக்கிறார்.

---

விளக்குப் பிடித்தவன் எழுதியது:

ஐயா, இப்படிப்பட்ட உணவு நிகழ்ச்சிகளில் சில ஆண்டுகள் விளக்குப் பிடித்தவன் நான். பெயர் சொல்ல மாட்டேன், வேலை எப்படி நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

படப்பிடிப்பு மதிய நெரிசலில் நடக்காது. நடத்த முடியாது. காலையில் கடை திறப்பதற்கு முன்போ, மூன்று மணிக்கு மேல் கடை ஓய்ந்திருக்கும்போதோதான் போவோம். அப்போது தலைமைச் சமையல்காரர் அந்த ஒரே தட்டுக்காக அடுப்பில் நிற்பார். உரிமையாளர் அவர் தோளுக்குப் பின்னால் நிற்பார். உங்கள் தட்டு அன்றைக்கு எத்தனையாவது தட்டோ யாருக்குத் தெரியும்? நாங்கள் படம் பிடித்தது முதல் தட்டு.

ஆவி தெரிய வேண்டுமானால் விளக்கைத் தட்டுக்குப் பின்பக்கம் வைக்க வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். பளபளப்புக்குத் தூரிகையால் எண்ணெய் தடவுவோம். சிறு குடுவையில் தண்ணீர் நிரப்பிக் கீரை, இலை மேல் தெளித்தால் அப்போதுதான் பறித்த மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், கல்யாண வீட்டில் புகைப்படம் எடுப்பதற்கு முன்பு முகம் துடைத்துக்கொள்கிறோம் அல்லவா, அந்த மாதிரிதான்.

ஆனால் அந்த 'கண்ணை மூடிய' கட்டம் இருக்கிறதே, அதை நாலைந்து தடவை எடுப்போம். ஒலி சரியில்லை, வாயோரம் ஒட்டியிருக்கிறது, பின்னால் யாரோ நடந்து போய்விட்டார்கள் என்று ஏதாவது வரும். கடைசித் தடவைக்குள் தட்டு ஆறி அரை மணி நேரம் ஆகியிருக்கும். நீங்கள் சாப்பிட்ட அதே ஆறிய தட்டைத்தான் தொகுப்பாளரும் சாப்பிட்டார். அவருக்குக் கண்ணை மூடத் தெரியும், உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். சமையலறைக்குள் போய், பெரிய பாத்திரத்தில் வேலை நடப்பதை நிறுத்தி நிதானமாகக் காட்டினார்களா, அல்லது தட்டும் முகமுமாகவே நிகழ்ச்சி ஓடியதா? உள்ளே விட்ட கடைகளில் நாங்கள் படப்பிடிப்பு முடிந்து எங்கள் கைக்காசில் உட்கார்ந்து சாப்பிட்டது உண்டு.

---

கல்லாவில் இருந்தவள் எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் குடும்பம் சின்ன உணவகம் ஒன்றை நடத்தியது. ஒன்பது மேசை, இரண்டு அடுப்பு. ஓர் இதழில் எங்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள். நாங்கள் காசு கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எழுதியவர் நன்றாகச் சாப்பிட்டுத்தான் எழுதினார், அதில் ஒரு வரி பொய் கிடையாது.

இதழ் வெளிவந்த சனிக்கிழமை வாசலில் கூட்டம். வந்த எல்லோரும் கேட்டது அந்த ஒரே பதார்த்தத்தை. அது ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வராது. பாத்திரம் அவ்வளவுதான், அடுப்பின் வாயும் அவ்வளவுதான். அப்பா பெரிய பாத்திரம் வாங்கினார். பெரிய பாத்திரத்தில் அடி பிடித்தது. தீயைக் குறைத்தார், நேரம் போதவில்லை. உதவிக்கு இரண்டு பேரை வைத்தார். அவர்களுக்கு அப்பாவின் கைப்பக்குவம் ஒரு வாரத்தில் எங்கிருந்து வரும்? மற்ற பதார்த்தங்களுக்கு வாங்கிய காய் கூடையிலேயே வதங்கிப் போனது.

ஒருவர் வந்தார். கைப்பேசியில் அந்தப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, தட்டின் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

கூட்டம் மூன்று மாதத்தில் வடிந்துவிட்டது. தினமும் வந்துகொண்டிருந்த பழைய ஆட்கள்தான் திரும்பி வர ஒரு வருடம் பிடித்தது. வரிசையில் நிற்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

அண்ணா, நீங்கள் பத்தாம் நாள் போயிருக்கிறீர்கள், அதுவும் ஞாயிறு மதியம். அன்றைக்கு அந்தச் சமையலறையில் நின்றவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, வார நாளில், கடை நிரம்புவதற்கு அரை மணி முன்னால் போங்கள். அந்தப் பெரியவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டீர்களா?

---

நூலகப் பூனை எழுதியது:

நாற்பது பக்க நோட்டு, உங்கள் நான்காவது பத்தியை எழுதுகிறவர்தான் உண்மையான விமர்சகர், அவரை வணங்குகிறேன்.

பொய்யா உண்மையா என்று கேட்பதைவிட, சொன்னவர் எத்தனை தடவை போனார், யார் காசு கொடுத்தார்கள், அவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியுமா என்ற மூன்றையும் கேட்பது பயனுள்ளது. இந்த மூன்றும் பழைய கேள்விகள். நியூயார்க் டைம்ஸில் கிரெய்க் கிளெய்போர்ன் 1963இல் நட்சத்திரம் போட்டு உணவகங்களை மதிப்பிடத் தொடங்கியபோதே, விமர்சகர் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது, பலமுறை போக வேண்டும், பணத்தைப் பத்திரிகை கொடுக்க வேண்டும் என்று வழக்கம் வைத்தார்.

காட்டிக்கொள்ளாமல் போவதில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு: அதே இதழில் விமர்சகராகச் சேர்ந்த ரூத் ரைக்கல், 1993இல் லே சிர்க் என்ற பெரிய உணவகத்துக்கு முதலில் மாறுவேடத்தில் யாரோ ஒரு பெண்ணாகப் போனார், பிறகு கடைக்காரர்கள் தன்னை அடையாளம் கண்டுகொண்ட நிலையிலும் சாப்பிட்டார். முன்னதில் காத்திருப்பும் அலட்சியமும், பின்னதில் ராஜ உபசாரம். இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டு, நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தார். இப்போது யோசியுங்கள். கேமராவும் விளக்குமாகப் போகும் தொலைக்காட்சிக் குழுவுக்கு என்றைக்காவது முன்னதான அனுபவம் கிடைக்குமா? அவர்கள் பொய் சொல்லவே வேண்டாம், அவர்கள் கண்ட உணவகமே வேறு.

மிஷ்லேன் வழிகாட்டியை எல்லோரும் இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன். டயர் நிறுவனம் 1900இல் கார் ஓட்டிகளுக்கு இலவசமாகக் கொடுத்த கையேடு அது. நட்சத்திரம் வந்தது 1926இல். 1931இல் இரண்டு, மூன்று என்று அடுக்கினார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் வழியில் நிறுத்தலாம், இரண்டு என்றால் பாதை விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். எனக்குப் பிடித்தது இந்த அளவுகோல்தான், ஏனென்றால் இது நாக்கை மட்டும் அல்லாமல் தூரத்தையும் சேர்த்து அளக்கிறது. உங்கள் 'ஒரு மணி நேரத்துக்குள்' என்ற விதியும் கிட்டத்தட்ட இதுவே. நட்சத்திரம் ஒரு முறை கிடைத்தால் நிரந்தரமும் அல்ல. 2016இல் சிங்கப்பூரில் ஓர் அங்காடிக் கடைக்கு நட்சத்திரம் கிடைத்து உலகமே வியந்தது. 2021இல் அது கையை விட்டுப் போனது.

புகழ் எல்லோருக்கும் வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். பிரான்ஸில் செபாஸ்டியன் பிரா மூன்று நட்சத்திரம் வைத்திருந்தவர். எந்தத் தட்டை யார் சோதிக்கிறார்களோ என்ற பதற்றம் வேண்டாம் என்று சொல்லி, 2017இல் தன் உணவகத்தை வழிகாட்டியிலிருந்து எடுத்துவிடக் கேட்டார். எடுத்தார்கள். 2019 பதிப்பில் இரண்டு நட்சத்திரத்தோடு திரும்பச் சேர்த்துவிட்டார்கள், அவர் கேட்காமலேயே!

இதழ்களில் இன்னொன்று. பக்கத்தின் மூலையில் எறும்பு எழுத்தில் 'விளம்பரப் பகுதி' என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணாடி போடாமல் நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

---

நாற்பது பக்க நோட்டு எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒற்றைவரிக்கும்தான்.

தங்கை 'கல்லாவில் இருந்தவள்' சொன்ன அந்தக் கைப்பேசிக்காரரை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாமும் அதைத்தானே நோட்டில் செய்துகொண்டிருக்கிறோம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

ஆறு மாதம் பொறுமை எனக்கு இல்லை. அதனால் நோட்டில் பின்னோக்கிப் போனேன். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு ஓர் இதழ் எழுதி, அப்போதே போய், "ஆறிப்போனது" என்று முத்திரை வாங்கிய கடை ஒன்று இருந்தது. நேற்று, செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்காலுக்கு அங்கே போனோம். பாதி மேசை காலி. இதழின் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வெயில் பட்டுச் சிவப்பெல்லாம் போய், படத்தில் இருக்கும் தட்டு நீலம் பாரித்துக் கிடக்கிறது. அதைப் பார்த்து யாரும் ஆசைப்பட முடியாது.

இந்த முறை பரிந்துரைத்ததை நான் வாங்கவில்லை. பரிமாறுகிறவரிடம், "தினமும் வருகிறவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "அது வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வந்தது பெயரளவில் சாதாரணமானது. எந்தத் தொகுப்பாளரும் கண்ணை மூட மாட்டார். ஆனால் அடுப்பிலிருந்து நேரே வந்தது, விரல் வைக்க முடியாத சூடு, உப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். என் மனைவி வழக்கமான பிடிவாதத்தோடு பரிந்துரைத்த பதார்த்தத்தையே வாங்கினாள். என் பக்கம் ஒரு கை நீண்டு வந்து எடுத்துக்கொண்டு போனதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தாள். பழைய குறிப்பை அடிக்கவில்லை, அதன் கீழே தேதி போட்டு எழுதியிருக்கிறாள்: "சுவரில் இருப்பது சுமார். இவர் வாங்கியது நன்று. அடுத்த செவ்வாய்."